பின் சீட்டு ரோசி

ஷேர் ஆட்டோ தொழிலில் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு: காலி வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். உள்ளே ஒருவராவது உட்கார்ந்திருந்தால்தான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும். ஸ்டாண்டில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன டிரைவர்களான உங்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. நான் திருநங்கை வேறு. என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதல் வாரம்

புதுவாயல் கூட்டுரோட்டில் நின்று "கும்மிடிப்பூண்டி, கும்மிடிப்பூண்டி" என்று கூவுவேன். கம்பெனிக்குப் போகிறவர்கள் ஓடி வருவார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், பின்னால் நிற்கும் வண்டிக்குப் போய்விடுவார்கள். கடை கடையாகக் கைதட்டிக் காசு கேட்கிற பிழைப்பு வேண்டாம் என்றுதான் லைசென்ஸ் எடுத்தேன். இப்படியே போனால் மறுபடியும் அங்கேதான் போய் நிற்கவேண்டும். நினைத்தாலே பயமாக இருந்தது.

எங்களில் மூத்தவர்களைக் கண்டால் "பாம்படுத்தி" என்று வணங்குவது வழக்கம். நான் அம்மாவாக ஏற்றுக்கொண்ட மல்லிகாம்மாவிடம் போய், அந்த வார்த்தையை முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "அயுதுக்கினு இருந்தா வண்டி ரொம்பிடுமா? நாளைக்கி நாங்க வந்து குந்துறோம், போ."

பட்டுப்புடவை

சொன்னபடி வந்தார்கள். மல்லிகாம்மா, என் அறைத்தோழி ரோசி, இன்னும் இரண்டு பேர். என் வண்டிக்கு மரியாதை செய்கிறோம் என்று ஆளாளுக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. ஒரு ஈ, காக்கா கிட்டே வரவில்லை. கடைசியில் யூனிஃபார்ம் போட்ட ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்கு வாயெல்லாம் பல். அவர் கேட்டார்: "இன்னாக்கா, கல்யாண வண்டியா? எந்த மண்டபம்?"

ரோசியின் தூக்கம்

மறுநாளிலிருந்து ரோசி மட்டும் வந்தாள், வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டோடு. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்குக் கூட்டித் துடைக்கிற வேலை, நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் புதுவாயலில் வந்து இறங்குவாள். இறங்கியதும் என் வண்டியில் ஏறி மறுபடியும் கும்மிடிப்பூண்டிக்கே வருவாள்! வேலைக்குப் போகிற பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் தோளில் சாய்ந்து தூங்கிப்போவாள். கண்ணாடியில் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. "ஊட்டுக்குப் போய்ப் படுடி" என்று திட்டினால் கண்ணைத் திறக்காமலே சொல்வாள்: "ஊட்ல எங்கடி தூக்கம் வருது? உன் வண்டி ஆடுனாத்தான் வருது."

ஒரு வார்த்தை வழுக்கியது

அவள் சாய்ந்த தோள்களில் ஒன்று, பொன்னேரியிலிருந்து கீரைக்கூடையோடு வரும் ஒரு அம்மாளுடையது. தூங்குகிறவளை அவர் எழுப்பவே இல்லை. இறங்கும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். பழக்கதோஷம், "பாம்படுத்திம்மா" என்று வந்துவிட்டது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே அவர் முறைத்தார்: "ஊட்ல மருமவ படுத்துறது போதாதுன்னு நீ வேற படுத்துறியா?"

இடம் இல்லை

ஒரு நாள் ரோசியின் பஸ் நேரத்துக்கு வரவில்லை. வண்டி காலி. பழைய பயம் மட்டும் வந்து உட்கார்ந்தது. கீரைக்கார அம்மாள் வந்து, "எங்க அந்தத் தூங்குமூஞ்சி?" என்றார். சொன்னேன். உடனே ரோசியின் இடத்தில் ஏறி உட்கார்ந்து, என்னைவிடச் சத்தமாக "கும்மிடிப்பூண்டி" என்று கூவ ஆரம்பித்துவிட்டார். வண்டி நிறைந்தது.

கிளம்பும் நேரத்தில் ரோசி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளுக்கு இடமில்லை. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள், தலையை உள்ளே விட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "இடமே இல்லியாடி? அப்பாடா! நான் போய்ப் படுக்குறேன்."

வண்டி ஆடினால்தான் தூக்கம் வரும் என்றவள் இப்போது ஆடாத கட்டிலில் குறட்டை விடுகிறாள். இப்படிப் பொய் சொல்ல ஒருத்தி இருந்தால் எந்தக் காலி வண்டியும் ஓடும்.