மண் மூட்டையோடு பல்கலைக்கழகம் போன அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கருமாதி அன்று உறவினர் ஒருவர் என் காதோடு, "இன்னா இருந்தாலும் பங்குல ஒன்ன ஏமாத்துனவருதானே" என்றார். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

அண்ணன் பிறந்தது அபிஷேகப்பாக்கத்தில். அப்பா சீக்கிரமே தவறிவிட, ஏர் பிடித்து என்னையும் ஆளாக்கினார். எனக்குக் கல்யாணமானதும் நிலத்தைப் பிரித்தோம். கிழக்குத் துண்டு எனக்கு வந்தது. பிரித்த ஆண்டு பச்சென்றிருந்த நிலம்; அடுத்த இரண்டு போகமும் நட்ட நாற்றெல்லாம் வெளுத்துக் கருகிற்று. தெரிந்தேதான் அண்ணன் அதை என் தலையில் கட்டினார் என்று ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம் என்று சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அவரோடு பேச்சையும் நிறுத்தினேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. ஆற்றுக்குத் தெற்கே, எங்கள் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இங்கிலீஷ் எல்லையிலுள்ள பெரிய பல்கலைக்கழகத்தில் மண்ணைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் நிலத்து மண்ணை மூட்டை கட்டினார். படித்தவர்கள் இடத்துக்குக் குப்பையோடு கொண்டுபோவதா என்று, வேரும் கல்லும் போக அண்ணியைச் சலிக்கச் சொல்லி, காயவைத்து எடுத்துப் போனார். சுங்கச் சாவடிக்காரன் மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி, மண்ணை எவன் கடத்துவான் என்று விழித்தானாம்.

ஆராய்ச்சிக்கூடத்துப் பேராசிரியர், சலித்த மண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மேல்மண் அடிமண் இரண்டையும் தோண்டியபடியே கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் மறுபடியும் போனார். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தார். கணக்குக்கு ஒரு கட்டடம், சரித்திரத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, பாட்டுக்குக்கூட ஒன்று. கூரை முட்ட அடுக்கிய புத்தகங்கள். தெலுங்குச் சீமையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்குத் தினமும் கல்யாணச் சமையல். இதையெல்லாம் பின்னால் அவர் சொல்லக் கேட்டேன். ஆனால் அவரை அசத்தியது வேறு.

"அவ்ளோ படிச்சவருடா. பாத்த ஒடனே தெரியாது, சோதிச்சாத்தான் சொல்ல முடியும்னு கூச்சப்படாம சொல்றாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னைக் குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. அந்தச் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.

மண்ணில் உப்பு ஏறியிருக்கிறது. மழைநீரைத் தேக்கி வடியவிட்டு, தழை மிதித்து, மூன்று ஆண்டு பாடுபட்டால் தேறும் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"மூணு வருசம் என் நெலத்துல நீ பயிர் வையிடா. ஒன்னுத நான் பாத்துக்கறேன்."

"பிரிக்கும்போது ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா அத நான் எடுத்துனு இருப்பேன்."

சொன்னபடியே செய்தார். நான்காம் ஆண்டு கதிர் தலைசாய்ந்த நிலத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். ஊரில் சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை. வெட்கம்தான்.

அண்ணன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்த அயலாருக்கும், பாகூரிலிருந்து வைத்தியரை வண்டியில் அழைத்து வந்தவர்களுக்கும், பெயர்கூடக் கேட்டு வைக்காத அந்தப் பேராசிரியருக்கும் அண்ணியும் நானும் கடமைப்பட்டவர்கள்.

அண்ணன் என்னை ஏமாற்றவில்லை. அவர் இருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று எந்தெந்த வீட்டுக்குப் போய் அவரைத் தூற்றினேனோ, அந்த வீடுகளுக்கெல்லாம் நானே நடந்து வந்து, இதை அச்சிட்ட இந்த நினைவு மலரைக் கொடுக்கிறேன்.