தென்துருவத்துக்கு ஒத்திகை

என் பெரியம்மா மகன் தைரியநாதன் அண்ணன், கல்லல் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அக்கா மகன் நெல்சனுக்கு, தென்துருவப் பக்கம் போய்வரும் சுற்றுலாக் கப்பலில் சமையல் வேலை. "வார மார்கழியில ரெண்டு பேருக்கு இடம் வாங்கித் தாரேன் மாமா" என்று தொண்ணூற்றாறில் அவன் சொன்னதிலிருந்து, அண்ணனுக்குச் சோற்றுக் குவியலும் பனிமலையாகத் தெரிந்தது. உலகப்படத்தில் கப்பல் போகும் வழியை விரலால் தடவிக்கொண்டே தூங்கிப்போவார்.

சிங்கம்புணரியில் பிறந்த செங்கோல்மேரி மதினி மட்டும் அசையவில்லை.

"நம்மூரு மார்கழிக்கே எனக்கு நடுங்குது. நீக மட்டும் போயிட்டு வாங்க."

"நீ வரலைன்னா நானும் போகல" என்றுவிட்டார் அண்ணன். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

கத்திரி வெயிலில் ஒருநாள், மெத்தை தைப்பவரிடம் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்து வாங்கிய இரண்டு கோட்டுகளோடு, மதினியைக் குளிருக்குப் பழக்கக் காரைக்குடி ஐஸ் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். ஐஸ் பாளங்கள் அடுக்கிய அறைக்குள் இருவரும் உட்கார்ந்தார்கள். வெள்ளைப் புகை மெல்ல எழுந்து, ஆளையே காணாமல் மூடியது. சற்று நேரத்தில் அண்ணன் தாடை கிட்டி வெளியே ஓடிவந்தார். மதினி வரவில்லை. பதறிப்போய்க் கதவைத் திறந்தால், பாளத்தில் கன்னத்தைச் சாய்த்துக் கண்மூடியிருந்தார்.

"என்னடி, மயக்கமா?"

"கதவச் சாத்துங்க, குளுரு வெளிய போகுது. அடுப்படியில வெந்த உடம்புக்கு இப்பத்தான் உசுரு வருது. அங்குட்டுப் போனா எம்புட்டு நாளு இருக்கலாம்?"

"பத்து நாளு."

"அம்புட்டுத்தானா?" என்றார் மதினி, கண்ணைத் திறக்காமலே.