மூன்று விரலும் ஒரு சாட்சியும்

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைத் தெருவில் லாசர் யார் என்று கேட்டால் போதும், டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கை காட்டுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் லாசர். இரும்புத்தூள் கூட்டுகிற வேலைக்கு உள்ளே நுழைந்தவர், இன்று தகடு வெட்டுகிற மூன்று பிரஸ் மிஷினுக்குச் சொந்தக்காரர். தகட்டை விரலால் தடவியே கனம் சொல்லுவார். இன்ஜினியருக்குப் படித்த பிள்ளைகள் அளந்து பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். இதையெல்லாம் யாரும் அவருக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. சொந்த முதுகு, சொந்த வியர்வை, அப்புறம் கர்த்தர். இந்த வரிசையில்தான் அவரே சொல்லுவார். "கர்த்தரை முன்னாடி சொல்லுய்யா" என்று மனைவி ரூபவதி இடித்தால், "அவருக்குத் தெரியும், நீ போ" என்பார்.

பட்டறையைவிட அவர் பேர் வாங்கியது சாட்சி சொல்வதில். அடையாறு பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஒரு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு நடக்கிற சின்னச் சபை அவருடையது. ஆண்டவர் தமக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்வது அங்கே வழக்கம். மற்றவர்கள் காய்ச்சல் விட்டதையும் மகளுக்கு வரன் வந்ததையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். லாசர் மைக்கைப் பிடித்தால் கைக்குழந்தைகூட அழாது.

சபையின் ஆண்டுவிழா சனிக்கிழமை மாலையும் அப்படித்தான் பிடித்தார்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால நானும் தணிகாசலமும் ஒரே பட்டறையில வேலை. பெரிய வெள்ளிக்கிழமை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுக் கோயிலுக்குக் கிளம்புறேன். அவன் சிரிக்கிறான். 'உங்க சாமி செத்ததுக்கு உனக்கு லீவா மச்சி'ங்கிறான். மத்தியானம் ரெண்டரை மணி. நான் ஜெபத்துல, அவன் மிஷின்ல. எறங்குச்சு பிரஸ்! மூணு விரல்! என் தேவன் நீதியுள்ள தேவன்!"

"அல்லேலூயா!" தகரம் அதிர்ந்தது. முன்வரிசையில் போதகர் ஞானசீலன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆராதனையில் லாசரைச் சபை மூப்பராக்க ஏற்பாடாகியிருந்தது. போதகருக்கு அடுத்த இடம். மூன்றாம் வகுப்புக்காரருக்கு அது சும்மாவா! ரூபவதி சட்டைக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்திருந்தாள்.

கூட்டம் கலைந்து லாசர் படிப்பக்கம் வந்தார். அடுக்கிய வாடகை நாற்காலிகளுக்கு நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்.

"இன்னா லாசரு, என் வெரலு உங்க சபையில இத்தினி வருஷமா ஊழியம் பண்ணிக்கினு கீது போல?"

லாசர் படியில் நின்றார். "தணிகா... நீ எப்போ வந்தே?"

"எறங்குச்சு பிரஸ்னு நீ கத்தசொல்ல. எனக்கே கை வலிச்சிச்சுடா!" தணிகாசலம் சிரித்தான். ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்துக்குப் போனவன், இப்போது நாற்காலி வாடகைக் கடையில் வேலை என்றான். "கோச்சிக்கல மச்சி. நீ சொன்னது நெசந்தானே. நான் அன்னிக்கு வாய வுட்டேன், உங்க ஆளு அடிச்சாரு. அன்னிலேர்ந்து சர்ச்சு வந்தா எதிர்ப்பக்கமா நடப்பேன். இப்பக்கூட பாரு, சேரெல்லாம் படியிலியே வெச்சிட்டேன். உள்ள காலு வெக்கல. என் பொண்ணு நிலாவுக்கு ரெண்டு வாட்டி கொழந்த தங்காம பூடுச்சி. அதுவும் என் வாயாலதான்னு கீறேன்."

சொல்லிவிட்டு, நாளைக்கு வந்து சாமானை எடுத்துக்கொள்வதாகப் படி இறங்கினான்.

லாசர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சாட்சியில் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த மிஷினின் மிதிகட்டைக்கு அடியில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. அது மாட்டியிருந்தால் கால் தெரியாமல் பட்டாலும் பிரஸ் இறங்காது. முந்தின நாள் வியாழக்கிழமை, வேலையைச் சீக்கிரம் முடித்துக் கோயிலுக்குப் போகும் அவசரத்தில், இடைஞ்சலாக இருக்கிறதென்று அவர்தான் அதைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டினார்.

மறந்துபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கிற மும்மணி ஆராதனையில், கர்த்தர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தையில் நாலாவதுக்குப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, கைக்குட்டையை எடுக்கப் பையில் கை விட்டார். கொக்கி விரலில் பட்டது. மணி ஒன்றரை. கோயில் வாசலில் டெலிபோன் இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது முதல் வரிசை, புதுச் சட்டை, நடுவில் எழுந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழாவது வார்த்தை முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை விடிந்ததும் போய்க் கொக்கியைப் பழையபடி மாட்டிவிட்டார். அதன்பின் கதையைச் சொல்லிச் சொல்லி, அவருக்கே அது கர்த்தர் செய்த காரியமாகிவிட்டது.

ஞாயிறு காலை கஞ்சிச் சட்டை கழுத்தை அறுத்தது. போதகர் கூப்பிட்டார். லாசர் மூப்பராக்கும் ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கவில்லை, மைக்கை வாங்கினார். ஜனங்கள் பழக்கத்தில் அல்லேலூயாவுக்குத் தயாரானார்கள். படி வாசலில், வெளியே, தணிகாசலம் நின்றுகொண்டிருந்தான்.

"நேத்து சொன்ன சாட்சி பொய்" என்றார் லாசர். பிறகு கொக்கியைச் சொன்னார். சாவிக்கொத்தைச் சொன்னார். மணி ஒன்றரையைச் சொன்னார். எத்தனையோ மேடை ஏறிய மனுஷன், இரண்டு நிமிஷம் பேசுவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டார். "கர்த்தர் அவனை அடிக்கலை. நான் பண்ணினதை அவர் தலையில கட்டி, அதுக்கு உங்ககிட்ட அல்லேலூயாவும் வாங்கினேன். ஒரு மணி நேரம் டைம் குடுத்தாரு எனக்கு. நான் எழுந்திருக்கலை. தணிகா, என்னை மன்னிச்சுரு."

ஜனங்கள் படி வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலம்தான் வாயைத் திறந்தான்.

"என் பொண்ணு அழுவசொல்ல, என் பாவம்தான்மா உன்ன புடிச்சிக்கினு கீதுன்னு அவகிட்டயே சொன்னேன்டா." அவ்வளவுதான். கீழே நின்ற நாற்காலி வண்டிப் பக்கம் இறங்கிப் போய்விட்டான்.

போதகர் மெதுவாகச் சொன்னார்: "மூப்பர் பொறுப்பு இப்போதைக்கு வேண்டாம், லாசர்."

"வேண்டாம் ஐயா. ஆனா எதாவது வேலை குடுங்க. இத்தனை நாள் அவருக்கு நான் வாயால மட்டும்தான் செஞ்சிருக்கேன்."

போதகர் நாற்காலிகளைப் பார்த்தார். லாசருக்குப் புரிந்தது.

மற்றவர்கள் உதவிக்கு வந்தபோது ரூபவதி, "வுடுங்க, அவரே செய்யட்டும்" என்றாள். கஞ்சிச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டாள். இரண்டு மாடி. அறுபத்தெட்டு வயது. ஒரு நடைக்கு நாலு நாற்காலி. சும்மா சொல்லக்கூடாது, வண்டியில் அவர் அடுக்கிய வரிசையில் நூல் பிடித்துப் பார்த்தாலும் கோணல் கிடையாது. தணிகாசலம் வண்டியருகே பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் சாப்பாட்டு மேஜை ஒன்று மேலே தங்கிவிட்டது. நீளமானது, ஒற்றை ஆளுக்கு ஆகாது. லாசர் அதை வாசல்வரை இழுத்து வந்து, நிலையில் சிக்கி, மூச்சு வாங்கி நின்றார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தணிகாசலம் வாசலுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"நெசமா அடிக்க மாட்டாரா?"

"மாட்டாரு நைனா. அவரு அடிக்கவேயில்லை."

தணிகாசலம் செருப்பைக் கழற்றினான். வலது காலை எடுத்து உள்ளே வைத்து, ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு நேராக வந்து மேஜையின் இந்த முனையில் இடது கையைக் கொடுத்து, வலது கையின் இரண்டு விரலால் முட்டுக் கொடுத்தான்.

"அந்தாண்ட புடி" என்றான் முகத்தைப் பார்க்காமல். "காலு எங்க வெக்கிறோம்னு பாத்து வை."