வாய்தா வக்கீல் எம்.பி. ஆனபோது

எங்கள் வக்கீலுக்கு நீதிமன்ற வளாகத்தில் வாய்தா வக்கீல் என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். ஆனால் வைத்தவர்களே தலைக்கு மேல் வெள்ளம் போனால் அவரிடம்தான் ஓடி வருவார்கள். மூடிப்போன நூற்பாலையின் குடியிருப்பிலிருந்து அறுபத்திரண்டு குடும்பங்களைக் காலி செய்ய முதலாளி போட்ட வழக்கை, பதினான்கு வருடம் முடியவிடாமல் இழுத்தடித்தவர் அவர். வழக்கு நடக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று தடை வாங்கி வைத்திருந்தார். வழக்குக்கு உயிர் இருக்கும்வரை எங்களுக்கு வீடு. ஆமாம், எங்களுக்கு. அவருடைய குமாஸ்தாவான நானும் அந்த வரிசையில்தான் குடியிருந்தேன்.

தொழிலில் எங்கள் முறை ஒன்றுதான். எந்த மனுவையும் கடைசி நாள், கடைசி மணி நேரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. எதிராளிக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அலுவலகத்தில் ஏதாவது குறை சொல்லித் திருப்பினால் இன்னும் கொண்டாட்டம், சரிசெய்து கொடுக்க ஏழு நாள் கிடைக்கும். இப்படியே எத்தனை ஏழு நாட்களை வாங்கியிருப்போம் என்று எனக்கே கணக்கில்லை.

குடியிருப்புக்காரர்கள் தெருத்தெருவாக அலைந்து அவரை எம்.பி. ஆக்கினார்கள். ஆளுங்கட்சி சீட்டு. உதவியாளன் என்று என்னையும் தலைநகருக்கு இழுத்துக்கொண்டு போனார். முதல் பேச்சில் பழக்கதோஷத்தில் சபாநாயகரை "கனம் நீதிபதி அவர்களே" என்று விளிக்க, சபையே சிரித்தது. நானும் பார்வையாளர் மாடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்ததெல்லாம் அந்த ஒரு வருடத்தோடு சரி.

இரண்டாம் வருடம், ஒரு திங்கட்கிழமை, நில மசோதா ஒன்று வந்தது. வக்கீல் எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். படித்தவர் முகம் வெளுத்துவிட்டது. சட்டம் நிறைவேறித் தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பாகாத குடியிருப்பு வழக்குகள் தானாக முடிந்துவிடும், தடைகளும் நீங்கிவிடும் என்று இருந்தது.

ஐந்தே நிமிடத்தில் அவர் ஒரு திருத்தம் எழுதினார். மூடிய ஆலைகளின் குடியிருப்புகளுக்கு இது பொருந்தாது என்ற ஒரே வரி. ஆலைத் தொகுதி எம்.பி.க்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், அது ஜெயிக்கக்கூடிய வரி. எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இப்பவே குடுத்துடலாமா சார்?"

"அவசரப்படாதப்பா. இப்பக் குடுத்தா கொறடா காதுக்குப் போயிடும். ஒவ்வொருத்தரையா மிரட்டி உக்கார வச்சிடுவாரு. புதன்கிழமை மூணு மணிக்குத் திருத்தம் வாங்கற கவுன்ட்டர மூடறாங்க. ரெண்டே முக்காலுக்குப் போ."

இரண்டு நாளும் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். புதன்கிழமை சரியாக இரண்டே முக்காலுக்குக் கவுன்ட்டரில் நின்றேன். அதிகாரி அம்மாள் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"வழிமொழியறவர் கையெழுத்து எங்க?"

"நம்பர் போட்டுடுங்கம்மா. குறைன்னு எழுதித் திருப்பிக் குடுங்க. சரி பண்ணிக் கொண்டாந்துடறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதெல்லாம் கோர்ட்லங்க. இங்க மூணு மணிக்குள்ள முழுசா வந்தா உண்டு, இல்லன்னா இல்ல."

வழிமொழிய ஒரு எம்.பி.யைத் தேடித் தாழ்வாரத்தில் ஓடினேன். முதல் அறை பூட்டியிருந்தது. இரண்டாவது அறைக்காரர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். நூலகத்தில் ஒரு டாக்டர் எம்.பி. அகப்பட்டார். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அந்த ஒரு வரியை இரண்டு தரம் படித்து, பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்தபோது மணி மூன்றாகி நாலு நிமிடம். ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே முத்திரை குத்தும் சத்தம் கேட்டது. தட்டினேன். யாரும் திறக்கவில்லை.

வக்கீலிடம் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு கையெழுத்து வேணும்னு விதியில இருக்குப்பா. படிச்சிருக்கேன். கோர்ட் நெனப்புலயே விட்டுட்டேன்."

இருபது வருடத்தில் முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். "திங்கக்கிழமையே குடுத்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா சார்? என் பொண்டாட்டி புள்ளைங்க எங்க போவாங்க?" கையெழுத்தை நானும் பார்க்கவில்லை என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதனால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. கொறடா அவர் பக்கத்தில் வந்து, தோளில் கைபோட்டுக் காதில் ஏதோ சொன்னார். எதிர்த்து ஓட்டுப் போட்டால் கட்சியும் போகும், பதவியும் போகும். மசோதா எப்படியும் நிறைவேறும் என்பதும் ஊருக்கே தெரியும். பச்சையை அழுத்தித் தொலையுங்கள், பதவியாவது மிஞ்சட்டும் என்று மாடத்திலிருந்து மனதுக்குள் கெஞ்சினேன். பலகையில் ஆளுங்கட்சிப் பக்கம் முழுக்கப் பச்சை விழுந்தது. நடுவே ஒரே ஒரு சிவப்பு. பெருமையாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

மசோதா நிறைவேறியது. ஒரு மணி நேரத்தில் கட்சியிலிருந்து நீக்கிய கடிதம் வந்தது. அதைப் பிரிக்காமலே என்னைப் பார்த்தார்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் சொல்றது?"

என் கையிலிருந்து போனை வாங்கி அவரே என் மனைவியிடம் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, மசோதா பாஸாயிடுச்சு. தொண்ணூறு நாளுக்குள்ள தீர்ப்பு வரலன்னா கேஸும் போயிடும், தடையும் போயிடும். தடுக்க ஒரு வழி இருந்துச்சு, நான் கோட்டை விட்டுட்டேன். உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல."

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சார், அந்தத் தொண்ணூறு நாளு... இன்னையிலேருந்தா, நாளையிலேருந்தா?"

"நாளையிலேருந்தும்மா."

"அதுக்குள்ள கேஸ் ஜெயிச்சா வீடு எங்களுதுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப அங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க, ரெண்டு பேரும்? அடுத்த வண்டியப் புடிச்சு வாங்க."