ஏசி போடாமல் வாளையார்

மகளை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுபோன அன்றுதான் என் பழைய காருக்கும் காய்ச்சல் வந்தது.

கோவை ஆஸ்பத்திரியிலிருந்து பெருமாட்டிக்கு, மனைவியின் தாய்வீட்டுக்குப் போகவேண்டும். வேலந்தாவளம் வழிதான் கிட்டம். அந்த ரோடு குலுக்கும், தையல் போட்ட உடம்பு என்று மாமியார் சொன்னதால் சுற்றிக்கொண்டு வாளையார் வழியைப் பிடித்தேன். ஏசி போடக் கூடாது, கண்ணாடியை இறக்கக் கூடாது என்பதும் அவர் உத்தரவு. மனைவியின் காதில் பஞ்சு, தலையில் துண்டு. துணிச்சுற்றுக்குள்ளிருந்து பிள்ளையின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. சித்திரை வெயிலில் இதென்ன கூத்து என்று உள்ளுக்குள் பொருமினேன்.

ஓடும்வரை தொந்தரவில்லை. வாளையார் எல்லையில் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். நின்ற இடத்தில் சூடு காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். ரேடியேட்டர் ஃபேனின் சத்தமே இல்லை. வண்டி இங்கே படுத்துவிட்டால் இந்தப் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு எந்த நிழலுக்கு ஓடுவது?

“ஏனுங்க, முன்னால பொகையாட்ட வருதுங்களே?” என்றாள் மனைவி.

ஏசி போட்டால் அந்த ஃபேனும் கூடவே ஓடும் என்பதால், சந்தேகம் தீர ஏசி பொத்தானைத் தட்டினேன். உடனே ஃபேன் உறுமியது. அப்படியென்றால் மோட்டாரில் குறையில்லை. சூடேறினால் தானாக ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்தான் செத்திருக்கிறது. எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்ததோ! எப்போதும் ஏசி போட்டே ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

“மாப்ள, அதைய நிறுத்துங்க! பச்ச ஒடம்புங்க, சளி புடிச்சுக்கும்,” என்றார் பின்சீட்டிலிருந்த மாமியார்.

“நிறுத்துனா இஞ்சின் வெந்துருமுங்க அத்தை.”

“வெந்தா வண்டிதானுங்க வேகும்.”

எரிச்சலோடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இறங்கிப் பானெட்டைத் தூக்கினேன். பின்னாலிருந்த லாரிக்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. ரேடியேட்டரின் ஓரத்தில் திருகியிருந்த அந்தச் சுவிட்சிலிருந்து ஒயர் முனையைப் பிடுங்கினேன். புறங்கை சுட்டது. முனையிலிருந்த இரண்டு துளைகளையும் இணைத்துவிட்டால் சுவிட்ச் இல்லாமலே ஃபேன் ஓடும். எதை வைத்து இணைப்பது? நான் தவிப்பதைப் பார்த்த மனைவி, கதவு இடுக்கு வழியாகத் தன் ஹேர்பின்னை நீட்டினாள். வளைத்துச் சொருகி, ஆஸ்பத்திரிப் பையிலிருந்த பிளாஸ்திரியைச் சுற்றினேன். ஃபேன் ஓடியது. முள் மனமில்லாமல் இறங்கியது. அதற்குப் பிறகும் எனக்கு நிம்மதியில்லை. ஊர் வரும்வரை பாதிக் கண் ரோட்டிலும் பாதிக் கண் முள்ளிலுமாக ஓட்டினேன்.

வாசலில் சாவியை எடுத்த பின்னும் ஃபேன் நிற்கவில்லை. விட்டால் பேட்டரி காலியாகிவிடும் என்று ஹேர்பின்னை உருவினேன். சத்தம் நின்றது. வழியெல்லாம் தூங்கி வந்த பிள்ளை வீலென்று கத்தியது. மனைவி தட்டிக்கொடுத்துப் பார்த்தாள். மாமியார் கொஞ்சிப் பார்த்தார். முகம் சிவந்து மூச்சுத் திணற அழுதது.

உள்ளே போய் ஆரத்தித் தட்டோடு வந்த மாமியார் காரைப் பார்த்தார். “அந்தப் பின்னத் திருப்பிச் சொருகுங்க மாப்ள.”

“பேட்டரி போயிருமுங்க அத்தை.”

“போனாப் போகட்டுங்க.”

சொருகினேன். ஃபேன் உறுமியது. பிள்ளை அடங்கிப்போனாள். வாளையாரிலிருந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் என் மகளை நன்றாகப் பார்த்தேன். மூக்கு என்னுடையது.