டாங்கியின் பின்னால் ஒரு புள்ளி

பாய் செய்த குட்டி டாங்கியில் ஒரு குறை கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. தினமும் வேலை முடிந்ததும் அவர் கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, அவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே தேடினேன். பதினோராவது நாள் சாயங்காலம் கிடைத்தது. பின்பக்கத் தகட்டின் அடியில், கடுகு அளவுக்கு, பளபளவென்று ஒரு கரும்புள்ளி. பெயிண்ட் சிந்தியிருக்கிறது! அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அற்பம்தான். மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு புள்ளிக்காக ஒருவன் பதினோரு நாள் அலைய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பல் செட் செய்கிறவன். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் என் லேப். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் பல் செய்து திருப்பி அனுப்புவேன். வெற்றிலை போடுகிறவர் பல்லுக்கு ஒரு மஞ்சள், பீடி குடிக்கிறவர் பல்லுக்கு வேறொரு மஞ்சள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டையும் பிசகாமல் கலப்பேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். கூட்டம் வரும், எனக்குப் பல் வராது. அப்படிச் சும்மா கிடந்த நாட்களில்தான் டாங்கி செய்ய ஆரம்பித்தேன். கூரியரில் ஒரு அட்டைப்பெட்டி வரும். உள்ளே சட்டத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் துண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். எல்லாம் நிஜ அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சிப்பாய் என் சுண்டுவிரல் உயரம் இருப்பான், அவன் தலை பட்டாணி அளவு.

"நாப்பத்தாறு வயசுல பொம்மை" என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் இதைச் செய்கிறவன் நான் ஒருத்தன்தான். முன்னாள் ராணுவத்தினர் மன்றத்தில் என் டாங்கி ஒன்றைக் கேட்டு வாங்கி, வாசலை ஒட்டிய கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கீழே ஒரு அட்டையில் என் பெயர். அந்தப் பக்கம் போனால் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைவேன். டாங்கியைப் பார்க்கத்தான் வந்தேன் என்று தெரியக்கூடாது, அதனால் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கிற மாதிரி நிற்பேன். வாழ்க்கையில் என் பெயர் கண்ணாடிக்குள் இருந்த இடம் அது ஒன்றுதான்.

பாய் பக்கத்துத் தெருவில் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிறவர். முன்னால் கடை, பின்னால் வீடு. என் வயதுதான். முன்பல் ஒன்று உடைந்து, டாக்டர் அனுப்பி, நிறம் பார்க்க என் லேபுக்கு வந்தார். அலமாரியில் இருந்த டாங்கிகளை வாய் மூடாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"டாக்டரே, இதுல சீட்டு எங்க இருக்கு?"

நான் டாக்டர் இல்லை என்று சொல்லியும் அன்றிலிருந்து அவருக்கு நான் டாக்டர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பாதியில் கெடுத்து மூலையில் போட்டிருந்த ஒரு ஜீப்பை அவரிடம் கொடுத்து, பசை, பிரஷ், பெயிண்ட் எல்லாம் காட்டிக்கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். இவரும் முட்டி மோதிப் பார்த்தால்தான் என் வேலையின் அருமை தெரியும் என்பது என் கணக்கு.

ஒன்றரை மாதத்தில் ஜீப்போடு வந்தார். நான் தப்பாக ஒட்டியிருந்ததையெல்லாம் பிரித்துச் சரிசெய்திருந்தார். அது கூடப் பரவாயில்லை. சீட்டுகள்! ரெக்சினைப் பின்பக்கம் சீவிச் சீவி வெங்காயத் தோல் போல ஆக்கி, ஊசியால் தையல் குத்தி, போர்த்தியிருந்தார். டிரைவர் சீட்டில் ஒரு ஓரம் மட்டும் கிழிந்து பஞ்சு தெரிந்தது.

"ஏறி எறங்கற பக்கம்தான் டாக்டரே மொதல்ல கிழியும்."

"பரவால்லயே பாய்" என்றேன். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அந்த ஜீப்பைக் கையில் எடுத்து, "ஏங்க, இது நெஜ ஜீப் மாதிரியே இருக்கே" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் என் டாங்கி எதைப் பார்த்தும் அவள் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மன்றத்தின் செயலாளர் டாங்கிப் படையில் ரிசால்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், ஊர் வாயில் சுபேதார். கீழ்பென்னாத்தூர்க்காரர், ராஜஸ்தான் பாலைவனத்தில் டாங்கி ஓட்டியவர். ஒருநாள் அவர் ஒரு பை மல்லாட்டையோடு, வேர்க்கடலைதான், லேபுக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது வெளிநாட்டு டாங்கியாம், தான் ஓட்டியதே அங்கே இருக்க வேண்டுமாம். நல்ல யோசனை என்று நான் தலையாட்டுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்.

"என் வண்டிக்கு சீட்டு தச்ச பாய் கூட நல்லா பண்றாராமே? ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு பண்ணுங்க. எது நல்லா இருக்கோ அத உள்ள வெச்சிடலாம்."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். பெட்டியில் ஒரு டாங்கிக்குத்தான் இடம்.

இருவரும் ஒரே மாதிரி டாங்கிப் பெட்டியை ஆளுக்கொன்று கூரியரில் வரவழைத்தோம். முதல் மாதம் முடிந்தபோது பாய் ஒரு சந்தேகத்தோடு வந்தார். டாங்கி முழுக்க எனாமல் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். கையில், பைக்குக்கு அடிக்கிற வார்னிஷ் ஸ்ப்ரே டப்பா. "இது மேல இத அடிக்கலாமா டாக்டரே?" என்று கேட்டார்.

அடித்தால் எனாமல் சுருங்கிவிடும். என் இரண்டாவது டாங்கியே அப்படித்தான் போனது. எனக்கு அது மறக்கவில்லை, நாக்கும் தடுமாறவில்லை.

"அடிங்க பாய், ஒண்ணும் ஆவாது."

மறுநாள் போய்ப் பார்த்தேன். டாங்கியில் ஸ்ப்ரே பட்ட தலைப்பகுதி முழுக்க ஆறிய பாலின் ஆடை போலச் சுருங்கிக் கிடந்தது. பின்னால் இருக்கும் இரண்டு டீசல் பீப்பாய்களும் அப்படியே. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்வாசலில் நின்று, "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு? எப்படி இப்படி ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஆறுதல் சொன்னேன், இரண்டு டீ குடித்தேன். திரும்பும்போது வருத்தமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் ஜாஸ்தி.

அந்தத் தெம்பில் என் டாங்கியை முடித்தேன். அடி அண்ணாமலைப் பக்கம் போய் மண் எடுத்துவந்து, மஸ்லின் துணியில் சலித்து, சக்கரத்தில் தூவினேன். டிரைவருக்குத் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அவனுக்கு, பல்லுக்கு நிறம் தீட்டும் என் சன்னமான பிரஷ்ஷால் மீசை வரைந்தேன். ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரிந்தது.

பாய் முடித்ததைக் கடை அலமாரியில் வைத்தார். போய்ப் பார்த்தேன். தலைப்பகுதியைச் சுரண்டி மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார். பீப்பாய்களை மட்டும் சுரண்டவில்லை. சுருங்கிய பெயிண்டின் மேலேயே துரு நிறம் தடவியிருந்தார். பாலைவன வெயிலில் பெயிண்ட் வெடித்து உரிந்த மாதிரியே இருந்தது. நான் செய்த கெடுதலை எடுத்து அலங்காரம் பண்ணிவிட்டார். புழுதிக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.

"முல்தானி மட்டி. நாட்டு மருந்துக் கடைல கெடைக்குது. பாலைவனத்து மண்ணு என்னா கலர்னு சுபேதார்ட்ட போயி கேட்டேன். இதான்னார்."

அந்த நாட்டு மருந்துக் கடையை இருபது வருஷமாகத் தினம் இரண்டு முறை கடக்கிறேன். அப்புறம்தான் டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். முகம் முழுக்கப் புழுதி. புழுதிக்காகப் போடும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். கண்ணைச் சுற்றி, கண்ணாடி மறைத்திருந்த இடம் மட்டும் புழுதி படாமல் இரண்டு வட்டமாகச் சுத்தமாக இருந்தது. பட்டாணி அளவு முகத்தில் அதை எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த நிமிஷத்தில் தொடங்கியதுதான் நான் முதலில் சொன்ன பதினோரு நாள் தேடல்.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்தில் சுபேதாரும் நான்கைந்து ஓய்வுபெற்ற சிப்பாய்களும் கூடியிருந்தார்கள். மேஜைமேல் இரண்டு டாங்கிகள். சுபேதார் முதலில் என்னுடையதை எடுத்தார்.

"சுத்தமான வேல. ஆனா இது நம்ம அடி அண்ணாமலை மண்ணாச்சே? பாலைவனத்துல இவ்ளோ செவப்பு இருக்காதுங்க." டிரைவரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரு என்னா, பொண்ணு பாக்கப் போறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு பாயுடையதை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டிரைவர் முகத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். அவர் விரல் தானாகத் தன் கண்ணைச் சுற்றிப் போனது.

"இப்படியேதாங்க இருக்கும். சாயங்காலம் எறங்கி ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்து சிரிப்போம்."

எனக்குப் பொறுக்கவில்லை. வைத்திருந்த ஆயுதத்தை எடுத்தேன்.

"எல்லாம் சரிங்க. பின்னாடி திருப்பிப் பாருங்க, பெயிண்ட் சிந்தியிருக்கு. பாய் அவசரத்துல கவனிக்கல போல."

டாங்கியைத் திருப்பினார்கள். புள்ளியை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பாய் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அது சிந்தலைங்க. வீட்ல வெச்சது. கண்ணு பட்டுடும்னு மையி எடுத்து வெச்சாங்க. அழிஞ்சிடக் கூடாதுனு அது மேல சுருங்காத வார்னிஷா பாத்துத் தொட்டேன்."

சுபேதார் மேஜையைத் தட்டினார். "எங்க டாங்கிக்கும் ஆயுத பூஜைக்கு பொட்டு வெப்போம்ங்க. இது ஒண்ணுதான் கம்மியா இருந்துச்சு, அதையும் வெச்சுட்டாரு!"

கண்ணாடிப் பெட்டி திறந்தது. என் பழைய டாங்கியை ஒரு செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். என் பெயர் எழுதிய அட்டையையும் மறக்காமல் உள்ளே வைத்திருந்தார்கள்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். என் புதிய டாங்கி பையில் தொங்கியது. செய்தித்தாள் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு பாய் பக்கத்தில் நின்றார். நல்ல மனசில் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது, வந்துவிட்டது.

"பாய், அந்த ஸ்ப்ரே அடிச்சா சுருங்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியுங்க" என்றார். "மறுநாளே பைக்குக்கு பெயிண்ட் அடிக்கறவர போயி கேட்டேன். உங்களுக்குத் தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீங்க கடைக்கு வர மாட்டீங்க டாக்டரே. இந்த ஊர்ல இதப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா?" பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "வீட்லதான் விடல. எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுனு ஒரே கேள்வி. யார் நசரோ கண்ணோ பட்டுடுச்சுனு சொல்லிட்டேன். ஒடனே பொட்டு வெச்சுட்டாங்க. யாருனு சொல்லல. சொல்லியிருந்தா உங்களுக்கு டீ கெடச்சிருக்காது."

சிரித்தபடி பொட்டலத்தை என் கையில் வைத்தார். சிரித்தபோது நான் செய்து கொடுத்த பல் தெரிந்தது. அவர் நடுரோட்டில் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கைவேலையில்தான் என்னைவிடப் பெரியவர் என்று நினைத்திருந்தேன். இதிலுமா? அதற்கும் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

வீட்டுக்கு வந்து பழைய டாங்கியைப் பிரித்து மேஜையில் வைத்தேன். அத்தனை வருஷம் வாசலில் நின்றது. எத்தனை பேர் கடந்து போயிருப்பார்கள். ஒரு சக்கரம் கழன்றதில்லை, ஒரு மூலை உடைந்ததில்லை. இதற்குக் கண் படும் என்று எனக்கோ, என் வீட்டிலோ, யாருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. சன்னமான பிரஷ்ஷை எடுத்தேன். கறுப்பு எனாமலில் தொட்டு, பின்பக்கத் தகட்டின் அடியில், பாய் வீட்டில் வைத்த அதே இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

என் மனைவி காபியோடு வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, பெயிண்ட் சிந்திடுச்சுங்க, காஞ்சிடப் போவுது" என்று, நான் வாய் திறப்பதற்குள் முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டாள்.