எஞ்சின் ரப்பரும் செய்யூர் பஸ்ஸும்

அந்தக் காரின் நடுக்கம் இன்னும் என் பற்களில் இருக்கிறது. கிளட்சை விட்டால் ஒரு துள்ளல், கியர் போட்டால் ஓர் உதறல். திருக்கழுக்குன்றத்து மேட்டில் மூன்றாவது கியர் தானாகவே கழன்றுகொள்ளும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் போய்விட்டன என்றார் செங்கல்பட்டு மெக்கானிக். முன்னால் இரண்டு, உள்ளங்கை அகலம். ஆயிலில் ஊறி, வெடித்து, புட்டு மாதிரி உதிர்ந்திருந்தன. வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு ஏது ஒரு வாரம்?

என் மனைவிக்குச் செய்யூர் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்குள் சேர வேண்டும். நாங்கள் இருந்தது மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில். என் அலுவலகம் செங்கல்பட்டில். காலையில் அவளை அதுவரை காரில் கொண்டுவிட்டால் செய்யூர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். தினமும் வீட்டிலிருந்தே போய் வரலாம். கார் இல்லையென்றால் அவள் செய்யூரிலேயே தங்க வேண்டும். கல்யாணமாகி எட்டு மாதம். எங்கள் குடித்தனமே அந்த இரண்டு ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

புது ரப்பர்களை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை வாசலிலேயே ஆரம்பித்தேன். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைத்து ஏற்றினேன். எஞ்சின் மேலே வரவில்லை. ஜாக்கி கீழே போனது. கடற்கரை மணல். கல் வைத்தேன், கல் போனது. பலகை வைத்தேன், பலகையும் போனது. நான் ஏற்ற ஏற்ற மண் விழுங்கிக்கொண்டே இருந்தது. எரிச்சலில் ஸ்பானரை விட்டெறிந்தேன்; அப்புறம் அதையும் மணலுக்குள் தேட வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு மீனவர் வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்த, ஜாக்கிய நட்டுகினு கீற? மொளைக்குமா?"

"எஞ்சினத் தூக்கணும். ரெண்டு அங்குலம் வந்தா போதும்."

"அவ்ளோதானே? கீயேர்ந்து ஏன் தள்ற? மேலேர்ந்து இய்த்தா வந்துட்டுப் போவுது."

மூன்று சவுக்குக் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். எங்கள் கிணற்று ராட்டினத்தை அதில் தொங்கவிட்டு, எஞ்சினைக் கயிற்றால் பிணைத்தார். கரைவலை இழுக்கும் ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டார்.

மனைவி வாசற்படியில் நின்று சொன்னாள்: "ஏங்க, நாளைக்கு நான் பஸ்லயே போய்க்கிறேன். வண்டிய மெக்கானிக்கிட்ட விட்டுடுங்களேன்."

"நீ உள்ள போ" என்றேன். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நாலு பேரும் குதிகாலை மணலில் ஊன்றி ஒரே மூச்சாக இழுத்தார்கள். எஞ்சின் ஓர் அங்குலம் எழுந்தது. இரண்டு. "போதும்!" என்று கத்தினேன். இன்னும் எழுந்தது. "போதும்யா!" இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். இழுவை இன்னும் வலுத்தது. எஞ்சின் முன்பக்கமாகச் சாய, விசிறி ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது.

"போதும்னு கத்தறேனே, காதுல விழலியா?"

"வுயுந்துச்சே" என்றார் மீனவர், நிதானமாக. "வலை இய்க்க சொல்ல ஒருத்தன் கத்திகினு கைய ஆட்டுனா, இன்னும் வேகமா இயுன்னுதான் அர்த்தம். தளத்துனா மீனு பூடும்ல? நிறுத்தணும்னா கம்முனு குந்திக்கணும் அண்ணாத்த."

"எஞ்சின் என்ன மீனா?"

"அத நீ மொதல்லயே சொல்லணும்."

நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்ததால் ரப்பர்களைப் பத்து நிமிடத்தில் மாட்டிவிட்டேன். இறக்கி, ஸ்டார்ட் செய்தேன். துளி நடுக்கமில்லை. பாழாய்ப்போன வண்டி, நல்ல பிள்ளையாக நின்று உறுமியது. ஊற்றிய தண்ணீரெல்லாம் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள்தூள் கரைத்து ஊற்றினால் ஓட்டை அடைபடும் என்றார் மீனவர். ஊற்றினேன். மஞ்சளாக ஒழுகியது.

திங்கட்கிழமை விடியுமுன், மீன்கூடைப் பெண்களோடு முதல் பஸ்ஸில் அவள் போனாள். நான் லீவு போட்டுவிட்டு ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினாள்.

"சேந்துட்டேன். ஒம்பதே முக்காலுக்கே போயிட்டேன்."

"ஒரு வாரத்துல ரேடியேட்டர் ரெடியாயிடும்" என்றேன்.

"ஆகட்டும். ரெண்டு டீச்சருங்க இருக்கிற வீட்ல எனக்கும் எடம் கேட்டுட்டு வந்துட்டேன். தெனமும் இப்படி எழுந்து ஓட முடியாதுங்க. சனிக்கிழமையானா வந்துடறேன்."

"வண்டிதான் இப்ப ஆடவே இல்லியே. தண்ணி மட்டும் நின்னுட்டா…"

அவள் பரண்மேலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். இறக்கி வைத்து, அவளுடைய புடவைகளை எடுக்கப் போனேன்.

"கையெல்லாம் கிரீஸு. தள்ளுங்க, நானே அடுக்கிக்கிறேன்."